மிதந்த முட்டைகள்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வரிக்காரி என்றால்தான் தெரியும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் அவளை வரித்துறை ஆள் என்று நினைத்து ஒரு வாரம் முகம் கொடுத்தே பேசவில்லையாம். அவள் எண்ணுவது வேறு வரி. பூச்சி முட்டைக்குள் உடம்பு உருவாகும்போது விழுகிற வரிகளை எண்ணுவதுதான் பதினோரு வருடமாக அவள் பிழைப்பு.

முட்டை என்றதும் கோழி முட்டையை நினைத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரைத் துகள் அளவுதான் இருக்கும். அதற்குள் ஒரு உயிர் தன் உடம்பைத் தானே வளையம் வளையமாகப் பிரித்துக்கொள்கிறது. தலைக்கு இத்தனை, மார்புக்கு மூன்று, வயிற்றுக்கு இத்தனை என்று எல்லாம் கணக்கு. ஒவ்வொரு வளையமும் தொடங்குகிற இடத்தில் மட்டும் ஒரு மரபணு விழித்துக்கொள்ளும். அது விழித்த இடத்தில் மட்டும் பிடிக்கிற நீலச் சாயம் ஒன்று உண்டு. சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், முதுகு நெடுக நீல வரிகள் தெரியும். பதினாறு இருந்தால் பிள்ளை பிழைக்கும். ஒன்று குறைந்தாலும் பிழைக்காது.

இதை வைத்துத்தான் அந்த ஆய்வுக்கூடம் பாகு காய்ச்சியது. தானியக் கிடங்குகளில் மாவு வண்டு படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. மூட்டை மூட்டையாகத் தின்று தீர்த்துவிடும். அந்த வண்டுக்குச் சர்க்கரைப் பாகில் ஒன்றைக் கலந்து வைத்தார்கள். தாய் வண்டு குடித்தால் அதற்கு ஒரு தும்மல்கூட வராது. ஆனால் அது இடுகிற முட்டைக்குள் இன்னொரு மரபணு, வளையங்களை ஜோடி ஜோடியாகப் பிரித்துவிடுகிற மரபணு, விழிக்கவே விழிக்காது. ஒன்று விட்டு ஒரு வளையம் காணாமல் போகும். பதினாறுக்குப் பதில் எட்டுத் தடித்த வரிகள். அந்தப் பிள்ளை முட்டையை விட்டு வெளியே வராது. விஷமில்லை, புகையில்லை, நாற்றமில்லை என்று எல்லோரும் மெச்சினார்கள். அவளும்தான் மெச்சினாள், பொய் சொல்வானேன்.

பாகு வண்டைத் தவிர வேறெதையும் தொடாது என்று காட்ட வேண்டியிருந்தது. இனிப்பு என்றால் முதலில் ஓடி வருவது தேனீ. வரிக்காரியின் அக்கா தேனீ வளர்ப்பவள். ஊர் எல்லையில் நாற்பது பெட்டி வைத்திருக்கிறாள். தங்கை கேட்டாள் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டு பெட்டிகளுக்குப் பாகு கொடுத்து, முட்டை நிறைந்த தேனடைச் சட்டங்களைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தாள். வரிக்காரி சாயம் ஏற்றி எண்ணினாள். எண்ணிய இருநூற்றுப் பன்னிரண்டு முட்டையிலும் பதினாறு வரி. அறிக்கையில் முதல் கையெழுத்து அவளுடையது. இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. ஆறு வாரமாகப் பாகு கிடங்குகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

அன்று காலை வேலைக்கு நடுவில் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"குட்டி, வேலையா இருக்கியா?"

"சொல்லுக்கா."

"ஒண்ணுமில்ல, சும்மாதான். பெட்டியெல்லாம் என்ன கனம் தெரியுமா? உன் மாமா ஒண்ணைத் தூக்கப் போயி இடுப்பைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. நாப்பது வருஷமா வேலை செஞ்ச இடுப்பு மாதிரி பேச்சு வேற."

வரிக்காரி சிரித்தாள். "பூவே இல்லாத காலத்துல எப்படிக்கா கனம்?"

"ஏதோ கூடி வருது. புழுதான் கொஞ்சம் கம்மி. ராணி முட்டை போடுது, கண்ணால பாக்கறேன். மூணாம் நாள் திறந்தா அறை காலியா கிடக்கு. வறட்சிதானே, அதுங்களே குறைச்சிக்கும். சரி, ஞாயித்துக்கிழமை வந்துடு."

போனை வைத்துவிட்டு மறுபடியும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். எண்ண முடியவில்லை. மூணாம் நாள் என்ற சொல் காதிலேயே நின்றது. தேனீ முட்டை பொரிப்பது மூன்றாம் நாள். பொரிக்காத முட்டையைத் தேனீக்கள் வைத்துக்கொண்டிருக்காது. தின்றுவிட்டு அறையைத் துடைத்துவிடும். வறட்சியில் ராணி முட்டையைக் குறைக்கும், சரிதான். இட்ட முட்டை எங்கே போகும்?

இழுப்பறையைத் திறந்து தன் பழைய குறிப்பேட்டை எடுத்தாள். பாகு குடித்த பெட்டிகளிலிருந்து எடுத்த முட்டை முன்னூற்று எண்பது. எண்ணியது இருநூற்றுப் பன்னிரண்டு. மிச்சம் நூற்று அறுபத்தெட்டு மிதந்தது.

இந்த மிதப்பது என்ன என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவள் ஏன் அப்படி உட்கார்ந்துவிட்டாள் என்பது புரியாது. முட்டையில் சாயம் ஏற வேண்டுமானால் மேல்தோல் உரிய வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் போல ஒட்டாத இரண்டு திரவங்களைக் குப்பியில் ஊற்றி, முட்டையைப் போட்டு, வேகமாகக் குலுக்குவார்கள். தோல் உரிந்த முட்டை அடியில் இறங்கும். உரியாதது இரண்டு திரவத்துக்கும் நடுவில் மிதக்கும். மிதப்பது சரியாகப் பக்குவப்படாத முட்டை என்று கணக்கு. உறிஞ்சி எடுத்துக் கழிவுக் குப்பியில் விட்டுவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வழக்கமாகப் பத்துக்கு ஒன்று மிதக்கும். அந்த முறை பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு.

அப்போதே அது அவள் கண்ணில் பட்டது. பட்டும், திரவம் பழசாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இப்போது அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். ஒப்பிட்டுப் பார்க்க வாங்கிய, பாகு குடிக்காத பெட்டியின் முட்டை நானூறு. அதே நாள், அதே திரவம், அதே கை. மிதந்தது இருபத்தொன்பது. இந்த இரண்டு பக்கத்தையும் அவள் நான்கு மாதமாகச் சேர்த்துப் பார்க்கவே இல்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

கழிவு அறைக்குப் போனாள். வண்டு வளர்க்கும் மாவு மாமா அங்கே தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். எந்நேரமும் தலைமுதல் கால்வரை மாவு படிந்திருப்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

"என்ன வரிக்காரி, குப்பையைக் கிளற வந்துட்ட?"

"நாலு மாசத்துக் கழிவு இருக்கா, வண்டி வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

"எங்க வந்தாங்க? கேட்டா அடுத்த மாசம்பாங்க. எந்த மாசத்துக்கு அடுத்த மாசம்னு கேட்டா போனை வச்சிருவாங்க."

குப்பைக்குக்கூடப் பெயரும் தேதியும் ஒட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். அலமாரியின் மூன்றாவது தட்டில், பின்வரிசையில், அவள் கையெழுத்திலேயே இருந்தது அந்தக் குப்பி. வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் வெள்ளையாகப் பொடிப் பொடியாக முட்டைகள் கிடந்தன. குலுக்கிய திரவங்களில் ஒன்றான மெத்தனாலிலேயே கிடந்ததால் கெடவில்லை.

அன்று முழுக்க மெல்லிய ஊசியால் ஒவ்வொரு முட்டையாகத் தோலை உரித்தாள். முதல் ஐந்தாறு நசுங்கிப் போயிற்று. அறுபது தேறியது. சாயம் ஏற இரண்டு நாள் பிடிக்கும். அந்த இரண்டு நாளும் அக்காவுக்குப் போன் செய்ய நான்கு தடவை எடுத்தாள், நான்கு தடவையும் வைத்துவிட்டாள். என்னவென்று சொல்வது? ஒன்றுமில்லாமல் போனால் வீணாக அவள் நெஞ்சில் நெருப்பைக் கொட்டியதாகும் என்று நினைத்தாள். ஒன்றுமில்லாமல் போக வேண்டும் என்று வேண்டாத தெய்வமில்லை.

மூன்றாம் நாள் காலையில் தட்டைக் கழுவி நுண்ணோக்கியில் வைத்தாள். முதல் முட்டை. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்து எட்டில் நின்றாள். மறுபடி எண்ணினாள். எட்டு. தடித்த எட்டு வரி, நடுவில் ஒன்றுமே இல்லாத வெளுப்பு. உடம்பு பாதி நீளம். அடுத்தது எட்டு. அதற்கடுத்தது எட்டு. இவ்வளவு குட்டையான உடம்பு தோலுக்குள்ளேயே சுருண்டு கிடந்தால் எப்படி உரியும், எப்படி அடியில் இறங்கும்? அறுபதில் ஐம்பத்தொன்று அப்படி. ஒன்பதில்தான் பதினாறு.

மாவு மாமாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் குனிந்திருந்தார்.

"வண்டு முட்டைதானே இது?" என்றார்.

"தேனீ."

அவர் நிமிரவில்லை. "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்வோம். நீ வெந்த சோறா பொறுக்கி எடுத்துப் பதம் பாத்திருக்க, தாயி."

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. முட்டைகளைப் படம் எடுத்துக்கொண்டு துறைத் தலைவியின் அறைக்குப் போனாள்.

துறைத் தலைவியை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. வரிக்காரி பிரசவத்துக்குப் போனபோது ஆறு மாதம் அவள் வேலையைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தவள். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்து முடித்ததும் கதவைச் சாத்தினாள்.

"இது நாலு மாசமா குப்பையில கிடந்தது," என்றாள். "இதை வச்சு எதுவும் சொல்ல முடியாது. புதுசா முட்டை எடுத்து மறுபடியும் பண்ணுங்க. மூணு வாரம் எடுத்துக்குங்க."

"பாகு போயிட்டிருக்கே டாக்டரம்மா."

"அடுத்த கூட்டத்துல பேசறேன். ஒன்பது நாள்தான்." பிறகு குரலைத் தணித்தாள். "பதறாதீங்க. பாகு இருக்கறது கிடங்குக்குள்ள. ஜன்னலுக்கெல்லாம் வலை போட்டிருக்கு, நானே போய்ப் பாத்தேன். தேனீ எப்படி உள்ள போகும்? உங்க அக்கா பெட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அது நியாயமாகத்தான் பட்டது. வரிக்காரிக்கு அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. எழுந்து கதவருகே வந்தபோது டாக்டரம்மா மறுபடி பேசினாள்.

"அதுவரைக்கும் வெளியில யார்கிட்டயும் பேச வேணாம். முதல் கையெழுத்து உங்களோடதுங்கறதை மறந்துடாதீங்க."

மறந்தால்தானே. அடுத்த பஸ்ஸிலேயே அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். விடுப்புக்கூடச் சொல்லவில்லை. வலை போட்டிருக்கிறது, வலை போட்டிருக்கிறது என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

பஸ் நிறுத்தத்திலிருந்து அக்கா வீட்டுக்கு, பாகு வைத்திருக்கிற தானியக் கிடங்கைத் தாண்டித்தான் போக வேண்டும். நின்று பார்த்தாள். டாக்டரம்மா சொன்னது பொய்யில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் புது வலை, ஒரு கிழிசல்கூட இல்லை. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மத்தியான வெயிலில் நாற்பது பெட்டியும் மரநிழலில் வரிசையாக இருந்தன. இரைச்சலுக்குக் குறைவில்லை. வாசலில் தேனீக்கள் போவதும் வருவதுமாகத்தான் இருந்தன. தெரியாதவர்கள் பார்த்தால் கண்பட்டுவிடும் என்பார்கள். அக்கா முகவலையைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தாள்.

"ஞாயித்துக்கிழமைன்னு சொன்னா வியாழக்கிழமையே வந்து நிக்கற. வீட்டுல சண்டையா?"

"இல்லக்கா. ஒரு பெட்டியைத் திறந்து காட்டு."

"சாப்பிட்டுட்டுப் பாக்கலாம் வா."

"இப்பவே காட்டுக்கா."

அக்கா அவள் முகத்தை ஒருமுறை பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் புகை போட்டு, மூடியை நெம்பித் திறந்து, நடுச்சட்டத்தைத் தூக்கினாள். ஓரமெல்லாம் பாகு நிரம்பி மினுங்கியது. நடுவில் புழு இருக்க வேண்டிய இடத்தில் அறைகள் துடைத்து வைத்தாற்போலக் காலி. சிலவற்றின் அடியில் வெள்ளை நூல் போல முட்டை நின்றது. புழு ஒன்றுகூட இல்லை. மூடி போட்ட அறை ஒன்றுகூட இல்லை. சட்டத்தின் மேல் ஊர்ந்த தேனீக்களை வரிக்காரி குனிந்து பார்த்தாள். முதுகில் மயிர் உதிர்ந்து பளபளவென்றிருந்தது. இறக்கை ஓரம் நைந்திருந்தது. சாம்பல் மயிர் அடர்ந்த இளம் தேனீ ஒன்றைத் தேடினாள். அகப்படவில்லை.

"எல்லாம் கிழடு," என்றாள்.

"அதைத்தான் நானும் ரெண்டு நாளா யோசிக்கிறேன்," என்றாள் அக்கா. அவள் குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டிருந்தது.

"இந்தப் பாகு எங்கேருந்து வந்துச்சு? பூ இல்ல. கிடங்குல வலை போட்டிருக்கு."

அக்கா மரத்தடியைக் காட்டினாள். அங்கே ஒரு நீலப் பீப்பாய் நின்றது. அதன் வயிற்றில் ஆய்வுக்கூடத்தின் முத்திரை.

"கிடங்குக்காரரு குடுத்தாரு. வாரா வாரம் புதுப் பாகு ஊத்தணுமாம், மிஞ்சினதைச் சாக்கடையில விடச் சொல்லியிருக்காங்களாம். நல்ல சர்க்கரையை யாராவது சாக்கடையில விடுவாங்களா? வறட்சிக்குச் சர்க்கரைத் தண்ணி குடுக்கறது வழக்கம்தானே. தேனீக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு நீயே பாத்துச் சொன்ன. நாப்பது பெட்டிக்கும் குடுத்தேன்."

வரிக்காரி சொன்னாள், ஒன்று விடாமல். மிதந்ததைச் சொன்னாள், இறங்கியதை மட்டும் எண்ணியதைச் சொன்னாள், அப்போதே கண்ணில் பட்டும் விட்டுவிட்டதைச் சொன்னாள், எட்டு வரியைச் சொன்னாள். அக்கா சட்டத்தைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் இவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"தேனீக்கு ஆயுசு ஆறு வாரம்," என்றாள் அக்கா. "பாகு குடுக்க ஆரம்பிச்சு அஞ்சு வாரம்."

"ஆமாக்கா."

"இன்னியிலேருந்து நிறுத்திட்டா ராணி பழையபடி ஆகுமா? எத்தனை நாள் ஆகும்?"

"தெரியலக்கா. அதை நாங்க அளக்கல. முட்டையில வரியை மட்டும்தான் பாத்தோம்."

"அளக்காம எப்படிக் கையெழுத்துப் போட்ட?"

அக்கா சட்டத்தைப் பெட்டிக்குள் மெதுவாக இறக்கினாள்.

"உனக்கு முட்டை குடுத்தேனே ரெண்டு பெட்டி. நீங்க யாரும் அப்புறம் வந்து பாக்கல. நான் பாத்தேன். ஒரு வாரம்தான் பாகு குடிச்சுதுங்க. ரெண்டு மாசம் முட்டை போட்டுது, ஒண்ணும் பொரிக்கல. அப்புறம் பெட்டியே காலி, வேற கூட்டம் பிடிச்சு வச்சேன். ராணிக்கு வயசாயிடுச்சுன்னு நினைச்சு உன்கிட்ட சொல்லல. உன் வேலைக்கு ஏதும் இடைஞ்சலாயிடக் கூடாதேன்னுதான் சொல்லல."

வரிக்காரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்கா தேற்றவில்லை. மூடியைச் சரியாகப் பொருத்தினாள், புகைக்கருவியை அணைத்தாள், உள்ளே போய்த் தன் போனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இந்த வட்டாரத்துல பெட்டி வச்சிருக்கறவங்க பதினோரு பேர். கிடங்குக்காரர்கிட்ட பீப்பாய் இருக்குன்னு நான்தான் எல்லாருக்கும் சொன்னேன். பயந்தாங்க. என் தங்கச்சி பாத்துச் சொன்னதுன்னு சொன்னேன், அப்புறம்தான் வாங்கிக்கிட்டாங்க." போனை நீட்டினாள். "என் பேச்சை நம்பி வாங்கல. நீயே சொல்லு."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். முதல்ல பெரிய தோட்டத்துக்காரர். அவர்கிட்டதான் நூத்தி இருபது பெட்டி."

வரிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினாள். மணி நாலைந்து முறை அடித்தது. எடுத்தவர் உற்சாகமான குரலில் பேசினார். பின்னால் தேனீக்களின் இரைச்சல் கேட்டது.

"நான் தேனீக்காரம்மாவோட தங்கச்சி பேசறேன். ஆய்வுக்கூடத்துல வேலை செய்யறேன்," என்றாள். "அந்த நீலப் பீப்பாய்ப் பாகு உங்ககிட்ட இருக்குல்ல, அதை இனிமே குடுக்காதீங்க."

"ஐயோ, நீங்கதானாம்மா அது? உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்," என்றார் அவர். "பாகு போன வாரமே தீந்துபோச்சு. அதுங்க ஒரு சொட்டு விடாம குடிச்சிடுச்சு. அடுத்தது எப்ப தருவீங்க?"